முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்: பிள்ளைகளுக்காக ஊராட்சி என்ன செய்யலாம்

2020 ஜனவரி 6ஆம் தேதி எங்கள் கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராகப் பதவியேற்றேன். தர்மபுரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஏழு குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி. அடுத்த ஐந்து வருடமும் ஊருக்கு நான் "மெம்பர் அக்கா". 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, எங்களைப் போல 28 மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்புக்குப் போயின. ஆனாலும் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஒரு பிள்ளை ஆடு ஓட்டிக்கொண்டு போனால் என் கால் இன்னும் தானாக நிற்கிறது.

அடுத்த தேர்தலில் நிற்க நினைக்கிற பெண்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "பள்ளிக்கூடம் கல்வித்துறையோடது, அங்கன்வாடி சமூக நலத்துறையோடது. நம்ம கையில இருக்கிறது தெருவிளக்கும் தண்ணியும்தானே? பிள்ளைகளுக்கு நாம என்ன செய்ய முடியும்?" நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஐந்து வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். பள்ளிக்குத் தன் பதிவேட்டில் இருக்கிற பிள்ளையைத் தெரியும். அங்கன்வாடிக்குத் தன் பதிவேட்டில் இருக்கிற பிள்ளையைத் தெரியும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளையைக் கண்டுபிடிக்க, எல்லா வீட்டு வாசலுக்கும் போகிற உரிமை உள்ள ஒருவர் வேண்டும். அது ஊராட்சிதான்.

நோட்டு

கொரோனாவில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத்தான் கடையில் 192 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

என் வார்டில் 118 வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். 18 வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. என்ன எழுத வேண்டும் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தவறுகிறார்கள். வயதை எழுதாதீர்கள், பிறந்த தேதியை எழுதுங்கள். வயது என்று கேட்டால் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இரண்டு கூட்டிச் சொல்வார்கள், வேலைக்கு அனுப்பிய வீட்டிலும் கூட்டிச் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, ஆதார் இருக்கிறதா, எந்தப் பள்ளி, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, கடந்த மாதம் எத்தனை நாள் போகவில்லை. அப்புறம் இரண்டு கேள்வி: அப்பா அம்மா இப்போது எங்கே இருக்கிறார்கள்? ராத்திரி பிள்ளை யார் கூடத் தூங்குகிறது? எங்கள் பக்கம் கட்டட வேலைக்குப் பெங்களூர் போகாத குடும்பம் குறைவு. அம்மாவும் அப்பாவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார்கள். எண்பது வயதுப் பாட்டியும் பதிமூன்று வயதுப் பெண்ணும் மட்டும் இருக்கிற வீடு எது என்று ஊராட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். பகலில் வீட்டில் ஆள் இருக்காது. ஊர்த் தெருவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், காலனியின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அந்தத் தெருவிலேயே இருக்கிற ஒரு பெண்ணைக் கூட அழைத்துப் போங்கள். வேறு தெரு ஆள் நோட்டோடு வந்து நின்றால் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை. அந்த நோட்டை டீக்கடையில் வைக்காதீர்கள். அதன் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அடுத்த வீட்டில் உங்களுக்குக் கதவு திறக்காது.

எழுதி முடித்ததும் தலைமையாசிரியரிடம் இருக்கிற பட்டியல், அங்கன்வாடி அக்காவிடம் இருக்கிற பட்டியல், கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கிற பட்டியல், மூன்றையும் என் நோட்டோடு வைத்துப் பார்த்தோம். எந்தப் பட்டியலிலும் இல்லாத பிள்ளைகள் 11 பேர். நாலு பேர் செங்கல் சூளைக்குப் போய் வந்த குடும்பத்துப் பிள்ளைகள். மூன்று பையன்கள் பெங்களூரில் ஓட்டலிலும் மெக்கானிக் கடையிலும். இரண்டு பெண்கள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்டவர்கள். ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சு. ஒரு பையனுக்கு ஒன்பது வயது, எழுந்து நடக்க முடியாது. அவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவன் வீட்டிலிருந்து என் வீடு இருநூறு அடி தூரம்கூட இல்லை. தினமும் அந்த வழியாகத்தான் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறேன்.

அந்தப் பையனுக்கு முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினோம். அது இருந்தால்தான் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கே விண்ணப்பிக்க முடியும். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லித் தருகிற சிறப்பு ஆசிரியர்கள் வட்டார வள மையத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தாமாக வர மாட்டார்கள், பெயர் போனால் வருவார்கள். சூளைக் குடும்பத்துப் பிள்ளைகளை ஒரே வாரத்தில் பள்ளியில் சேர்த்தோம். சேர்க்கும்போது மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று யாராவது சொன்னால், 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டப்படி அதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று பணிவாகச் சொல்லுங்கள். தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் தம்பியை அங்கன்வாடியில் சேர்க்க வேண்டும். இது எனக்கு மூன்றாவது முறை அந்த வீட்டுக்குப் போனபோதுதான் உறைத்தது. பெங்களூர் போன மூன்று பேரில் ஒருவன்தான் திரும்பினான்.

பிள்ளைகளைக் கேளுங்கள்

கர்நாடகத்தில் ஊராட்சிதோறும் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு கிராம சபை நடத்துகிறார்கள். "மக்களா கிராம சபா" என்று பெயர். கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள். நமக்கு மக்கள் என்றால் பெரியவர்கள் மட்டும்தான் நினைவுக்கு வருகிறார்கள், மக்கட்பேறு என்கிற சொல்லில் மட்டும் பழைய பொருள் மிச்சம் இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்த்த ஒருவர் இதைச் சொன்னதும் நாமும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

எப்படிச் செய்தோம் என்றால், கிராம சபைக்குப் பத்து நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை. பள்ளி மைதானத்தில். ஆசிரியர்களும் தலைவரும் தூரத்தில் இருந்தார்கள், கிட்டே வர வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். பெரிய பெண்கள், பெரிய பையன்கள், சின்னப் பிள்ளைகள் என்று மூன்று குழு. "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பார்க்கு, ஊஞ்சல் என்று பெரியவர்கள் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுவார்கள். சுண்ணாம்புத் தூளைக் கொடுத்து, ஊரைத் தரையில் வரையச் சொன்னோம். வரைந்து முடித்ததும் ஒவ்வொருவர் கையிலும் நாலு கூழாங்கல். "எங்கே போக பயமோ அங்கே வையுங்கள்."

கற்கள் குவிந்த இடங்கள்: சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கிணறு. சாயங்காலம் குடிப்பவர்கள் உட்காருகிற ஏரி மதகு. பஸ் நிறுத்தத்திலிருந்து காலனி வரைக்கும் விளக்கில்லாத ரோடு. நாலாவது, பெண்கள் குழு மட்டும் வைத்தது. பள்ளிக் கழிப்பறை. அங்கே என்ன பயம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு ஏழாம் வகுப்புப் பெண் சொன்னாள்: "தாழ்ப்பாள் இல்ல அத்தை. ஒருத்தி போனா ஒருத்தி வெளிய கதவைப் பிடிச்சிக்கணும். அதனால காலையில இருந்து தண்ணி குடிக்க மாட்டோம்."

ஐந்து தாழ்ப்பாள், கொல்லர் கூலியோடு 900 ரூபாய். நான் பதவிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பள்ளிக்கு ஆறேழு முறை போயிருக்கிறேன், கொடியேற்றியிருக்கிறேன், மிட்டாய் கொடுத்திருக்கிறேன். அந்தக் கதவைத் திறந்து பார்த்ததில்லை.

கிணற்று வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, நாலு நாள் நாடே பார்த்துக்கொண்டிருந்தும் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் ஊராட்சியில் கைவிட்ட போர் எத்தனை, மூடி போட்டது எத்தனை என்று டேங்க் ஆபரேட்டரிடமும் மோட்டார் மெக்கானிக்கிடமும் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் ஆறு இருந்தது. ஒரே நாளில் மூடினோம்.

கிராம சபையில் எழுத்தாக்குங்கள்

தமிழ்நாட்டில் 2022 முதல் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு இல்லை, ஆனால் வந்து உட்காரலாம், தங்கள் பட்டியலைத் தாங்களே வாசிக்கலாம். எங்கள் ஊரில் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் எழுந்து மதகைப் பற்றி வாசித்தபோது, மதகில் உட்காருகிற இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு மாதத்துக்காவது அந்த இடம் காலியாக இருந்தது.

கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு உண்டு. மக்கள்தொகை 501லிருந்து 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வர வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் நினைத்தால் அது பெரிய விஷயம் இல்லை. விஷயம் தீர்மான நோட்டில்தான். பேசியதெல்லாம் எழுத்தில் வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தை மறுநாள் எழுதுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கே ஒரு முறை அப்படி நடந்தது, நாங்கள் பேசிய இரண்டு விஷயம் நோட்டில் இல்லை. அதற்குப் பிறகு தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய்ச் செயலரிடம் கொடுத்து, அது நோட்டில் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நகலும் கேட்டு வாங்கினேன்.

பஸ் விஷயம் அப்படித்தான் முடிந்தது. மேல்நிலைப் பள்ளி எங்கள் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அங்கே மாலை வகுப்பு முடிய ஐந்தேகால். அடுத்த பஸ் ஏழரைக்கு. இருட்டில் இறங்கி விளக்கில்லாத ரோட்டில் நடந்து வர வேண்டும் என்பதால் பெண்களைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். "எங்கள் ஊருக்குக் கூடுதல் பஸ் வேண்டும்" என்று முன்பு பலர் மனு கொடுத்திருந்தார்கள், பலன் இல்லை. நாங்கள் எழுதியது: இன்னின்ன ஊரிலிருந்து இத்தனை மாணவர்கள், மொத்தம் 23 பேர், பள்ளி முடியும் நேரம் 5.15, இப்போதைய பஸ் 7.30, அதை 5.40க்கு மாற்றினால் போதும், புதிய பஸ் தேவையில்லை. கூடவே தீர்மான நகல், தலைமையாசிரியர் கடிதம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நாலு முறை கொடுத்தோம். 14 மாதம் ஆயிற்று. ஆனால் பஸ் வந்தது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வார்டு உறுப்பினருக்குக் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை, தலைவரும் துணைத் தலைவரும்தான் போட வேண்டும். அதனால் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு எதுவும் நடக்காது. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பணம் இல்லை என்று சொல்பவர்களிடம், அங்கன்வாடிக் கழிப்பறையும் பள்ளித் தண்ணீர்க் குழாயும் சுகாதாரமும் குடிநீரும்தானே என்று கேளுங்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு மத்திய அரசு சொல்கிற ஒன்பது கருப்பொருளில் "குழந்தை நேய ஊராட்சி"யும் ஒன்று. அந்தத் தலைப்பில் வேலையை எழுதி வைத்தால் மறுக்கக் காரணம் குறைவு.

கல்யாணப் பேச்சு வரும்போது

எனக்குக் கல்யாணம் நடந்தது பதினேழு வயதில். பன்னிரண்டாவது பரீட்சை எழுதவில்லை. அதனால் இந்தப் பகுதியை நான் நிதானமாக எழுத வேண்டியிருக்கிறது.

சட்டம் எல்லோருக்கும் தெரியும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. 2006ஆம் வருடச் சட்டத்தில் கல்யாணத்தை நடத்தி வைக்கிறவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. இதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். கல்யாணம் நிற்காது, இடம்தான் மாறும்.

நோட்டில் ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சு என்று எழுதியிருந்தேனே, அவளுக்கு அப்போது பதினாறு. நான் பேசியது அவள் பாட்டியிடம். முதல் நாள் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே இல்லை, களி கிண்டிக்கொண்டிருந்தார், உட்கார்ந்து கேட்டேன். இரண்டாவது நாள் அவரே சொன்னார்: "அப்பன் ஆயி ரெண்டு பேரும் பெங்களூர்ல கெடக்குறாங்க. நான் எத்தன நாளைக்கு இவளக் காவல் காப்பேன்? நாளைக்கு ஒண்ணுன்னா ஊர் என்னையத்தான் பேசும்." அந்த வீட்டில் குறை பணமோ பிடிவாதமோ இல்லை, காவலுக்கு ஆள் இல்லை என்பதுதான். அரசு மாணவியர் விடுதியில் இடம் வாங்கித் தருகிறேன், வார்டன் இருக்கிறார், வாரம் ஒரு முறை நானே போய்ப் பார்த்து வருகிறேன் என்றேன். பதினைந்து நாள் யோசித்தார்கள். அவள் பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரியில் சேர்ந்தபோது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டம்தான் 2022ல் படிப்புக்குப் பணம் கொடுக்கிற திட்டமாக மாறியது. அந்த மாற்றத்தைப் பாட்டிக்கு விளக்கிச் சொன்னேன். முதல் மாதப் பணத்தில் அவள் பாட்டிக்கு ஒரு கம்பளி வாங்கி வந்தாள்.

தேதி குறித்துவிட்டார்கள் என்றால் பேச்சுக்கு நேரம் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். கூப்பிட்டவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். மாவட்ட சமூக நல அலுவலருக்கும் தகவல் கொடுங்கள், தடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. தனியாக மண்டபத்துக்குப் போய் நிற்காதீர்கள். நிறுத்திய பிறகுதான் உண்மையான வேலை. அடுத்த மூன்று மாதம் அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று வாரா வாரம் பாருங்கள். ஒரு வீட்டில் நான் அதைச் செய்யத் தவறினேன். கல்யாணம் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனி பயமில்லை என்று இருந்துவிட்டேன். மாநில எல்லை தாண்டி ஒரு கோயிலில் விடியற்காலை நாலு மணிக்குத் தாலி கட்டினார்கள். எங்களுக்குத் தெரிந்தது மூன்று நாள் கழித்து. அவள் பெயரை நோட்டிலிருந்து நான் அடிக்கவில்லை.

பாலியல் வன்முறை என்று தெரியவந்தால் எந்தப் பஞ்சாயத்தும் பேசாதீர்கள். நீங்களே விசாரிக்காதீர்கள், பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். போலீசுக்கோ 1098க்கோ உடனே சொல்லுங்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். பிள்ளையின் பெயர் உங்கள் வாயிலிருந்து வெளியே வரக் கூடாது.

இதற்கெல்லாம் கிராம அளவில் குழந்தை பாதுகாப்புக் குழு என்று ஒன்று காகிதத்தில் எல்லா ஊரிலும் இருக்கும். ஊராட்சித் தலைவர்தான் அதற்கும் தலைவர். அதன் கூட்ட நோட்டு எங்கே என்று கேளுங்கள். எங்கள் ஊரில் கேட்டபோதுதான் அதில் நானும் ஓர் உறுப்பினர் என்று எனக்கே தெரிந்தது.

பெரிய பிள்ளைகளுக்கு

பதினெட்டைத் தாண்டியவர்களை நாம் மறந்துவிடுகிறோம். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகமும் விளையாட்டு மைதானமும் கொடுத்தார்கள். உங்கள் ஊரிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். எங்கள் நூலகத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழைய டியூப்லைட்டும் இருந்தன. மைதானத்தில் சீமைக்கருவேலம்.

போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற பையன்கள் ஏழு பேர் கேட்டார்கள், சாவி மட்டும் கொடுங்கள் என்று. அவர்களே சுத்தம் செய்து வெள்ளையடித்தார்கள். ஊராட்சி கொடுத்தது இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், மின்கட்டணம். காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓட்டம், ராத்திரி நூலகத்தில் படிப்பு. தர்மபுரியில் வேலைவாய்ப்பு அலுவலகத்துத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு என்று சொல்லி அனுப்பினோம். பெண்களும் வந்து படிக்க வேண்டும் என்றால் சாயங்காலம் நாலு முதல் ஆறு அவர்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டுங்கள். ஒட்டாதவரைக்கும் எங்கள் நூலகத்துக்கு ஒரு பெண்கூட வரவில்லை.

ஏப்ரல் மாதத்திலேயே சான்றிதழ் வேலையை முடித்துவிடுங்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி. மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் கல்லூரிக் கலந்தாய்வு காத்திருக்காது. பழங்குடிப் பிள்ளைகளுக்கு இன்னும் முன்னாலேயே ஆரம்பியுங்கள். அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். எங்கள் மலையடிவாரக் குடியிருப்பில் இரண்டு பேர் அந்த ஒரு காகிதத்துக்காக ஒரு வருடப் படிப்பை இழந்தார்கள்.

என் பழைய நோட்டு நிரம்பிவிட்டது. புதிய நோட்டு இப்போது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியிடம் இருக்கிறது, இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகத் தெருத் திண்ணையில் பாடம் சொல்லிக் கொடுத்தவள். தேர்தல் வந்தால் நிற்பேன் என்கிறாள். ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்ததும் இருவரும் காலனிக் கடைசி வீட்டிலிருந்து நடக்க ஆரம்பிப்போம். சூளைக்குப் போன குடும்பங்கள் திரும்பி வந்திருக்கும், புதிதாக நாலைந்து பெயராவது இருக்கும்.